தலைமுறைக்கு ஒரு துப்பாக்கி: குடும்பச் சொத்தாக வந்த ஆயுதங்களின் வரலாறு

குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பொருட்கள் பல உண்டு. வெண்கல உருளி, குத்துவிளக்கு, தேக்குப் பெட்டி, பாட்டியின் நகை, ஓலைச்சுவடி... இந்த வரிசையில் ஆயுதமும் ஒரு காலத்தில் இருந்தது. வாள் வைத்திருந்த வீடுகள் இருந்தன. வாளுக்குப் பிறகு துப்பாக்கி வைத்திருந்த வீடுகளும் இருந்தன.

நெய்யூர்க்காரர்களுக்கு வாள் கைமாறுவது ஒன்றும் புதிய விஷயம் அல்ல. பக்கத்தில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. ஒவ்வொரு வருடமும் நவராத்திரிக்கு முன்பு, அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடக்கிறது. தேவாரக்கட்டு சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலை குமாரசுவாமி ஆகிய மூன்று விக்கிரகங்களும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது அந்த உடைவாளும் கூடவே போகிறது. விழா முடிந்ததும் திரும்பி வருகிறது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. ஊர்வலம் கிளம்பும்போது போலீசார் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்கிறார்கள். வாள் முன்னே போகிறது, துப்பாக்கி அதற்கு வணக்கம் வைக்கிறது!

வாளைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் துப்பாக்கி அப்படி அல்ல. பழசானாலும் அது சுடும். சுடுகிற ஒரு பொருளை மகனுக்கோ மகளுக்கோ விட்டுப் போவது என்றால் என்ன? எந்தத் துப்பாக்கி மூன்று தலைமுறை தாங்கும்? சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் இதை இன்றும் வழக்கமாக வைத்திருப்பவர்கள் யார்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

துப்பாக்கி வந்த கதை

'துப்பாக்கி' என்ற சொல்லே தமிழுக்கு வெளியிலிருந்து வந்தது. துருக்கி மொழிச் சொல் பல மொழிகளைக் கடந்து தெலுங்கில் துபாகி, தமிழில் துப்பாக்கி, மலையாளத்தில் தோக்கு என்று ஆனது.

தென் திருவிதாங்கூரில் துப்பாக்கியின் வரலாற்றைப் பேச வேண்டும் என்றால் குளச்சலில்தான் தொடங்க வேண்டும். நெய்யூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைக் குளச்சலில் தோற்கடித்தது. ஓர் ஐரோப்பியக் கம்பெனியை இந்திய மன்னர் ஒருவர் போர்க்களத்தில் வென்ற முக்கியமான நிகழ்ச்சி இது. டச்சுக்காரர்களின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் மன்னர் வசம் வந்தன.

ஆயுதங்களைவிடப் பெரிய வரவு, பிடிபட்ட ஒரு மனிதர். யூஸ்டாஷியஸ் டி லனாய். டச்சுப் படையில் இருந்தவர். மன்னர் அவரைச் சிறையில் வைத்து வீணாக்கவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். வாளும் வேலும் பிடித்துப் பழகிய வீரர்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. பீரங்கி வார்க்கும் உலை அந்தக் கோட்டைக்குள் இருந்தது. 1777-ல் இறந்த டி லனாயின் கல்லறை இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. 'தில்லானைக் கோட்டை' என்று மக்கள் சொல்வது அவர் பெயரை வைத்துத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரை வீரன் தன் ஆயுதத்தை வீட்டிலிருந்து கொண்டு வந்தான். தாத்தாவின் வாளைப் பேரன் பிடித்தான். புதுப் படையிலோ துப்பாக்கி அரசாங்கத்தின் சொத்து. கோட்டையில் கொடுப்பார்கள், கோட்டையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆகவே இந்தப் பக்கத்தில் துப்பாக்கி நுழைந்தபோதே அது குடும்பத்துக்குள் போகாமல் கோட்டைக்குள் போய்விட்டது.

பறிபோன ஆயுதங்கள்

அடுத்து வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. அதுவரை திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளில் ஊர்க்காவலும் ஆயுதமும் பரம்பரை உரிமையாக இருந்தன. அந்த உரிமை ஒரே காகிதத்தில் முடிந்தது.

எட்டு வருடம் கழித்து அதே நிலை திருவிதாங்கூருக்கும் வந்தது. நெய்யூருக்குப் பக்கத்தில் உள்ள தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், 1809 ஜனவரியில் குண்டறையில் பிரகடனம் வெளியிட்டு கம்பெனியை எதிர்த்தார். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் காவல் அரணை உடைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் அதன் கைக்குப் போயின. வேலுத்தம்பி மண்ணடி பகவதி கோயிலில் உயிரை மாய்த்துக்கொண்டார். திருவிதாங்கூர்ப் படையின் பெரும் பகுதி கலைக்கப்பட்டது.

வேலுத்தம்பியின் வாள் என்ன ஆயிற்று? இந்தக் கட்டுரைக்கு மிக நெருக்கமான கதை அதுதான். மண்ணடிக்குப் போகும் வழியில் அவர் கிளிமானூர் அரண்மனையில் தங்கினார். அங்கிருந்து புறப்படும்போது தன் வாளை அந்தக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். ஆங்கிலேயர் தேடிக்கொண்டிருந்த ஒருவரின் வாளை வீட்டில் வைத்திருப்பது சாதாரண விஷயமா? அந்தக் குடும்பம் சுமார் 150 வருடம் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. 1957-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுத்தது. பல காலம் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த அந்த வாள், 2010-ல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது.

பரம்பரை ஆயுதம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த வாளின் இரும்பு எவ்வளவு உயர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது யாருடையது, யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்பதுதான் அதன் மதிப்பு.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் நாடு முழுவதும் ஆயுதங்களைப் பறிக்கத் தொடங்கினார்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இந்த அவமானத்தை காந்தியடிகள்கூட 1918-ல் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அகிம்சையைப் போதித்தவரே கண்டிக்கும் அளவுக்கு அந்தச் சட்டத்தில் பாரபட்சம் இருந்தது.

விலக்குப் பெற்ற குடகு

இந்தக் கதையில் ஒரு விதிவிலக்கு உண்டு. கர்நாடகத்தில், காவிரி பிறக்கும் குடகு மலை. 1834-ல் கம்பெனி குடகை எடுத்துக்கொண்டது. நாடெங்கும் ஆயுதங்கள் பறிக்கப்பட்ட காலத்தில், 1861-ல், மைசூர்க் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் குடகர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அவர்களது வீரத்தையும் விசுவாசத்தையும் அதற்குக் காரணமாகச் சொன்னார். (விசுவாசம் என்றால் ஆங்கிலேயருக்கு விசுவாசம் என்பதை மறக்கக் கூடாது.)

குடகில் 'ஜம்மா' என்று ஒரு நிலவுரிமை உண்டு. மன்னருக்குப் படைச்சேவை செய்ததற்காகக் குடும்பங்களுக்குப் பரம்பரையாகக் கொடுக்கப்பட்ட நிலம். குடவர் இனத்தாரும் ஜம்மா நிலம் உடையவர்களும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அவர்களும் விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாவட்டத்துக்கு வெளியே கொண்டு போவதற்கு வரம்பு இருக்கிறது. ஆனாலும் நாட்டில் வேறு எங்கும் இப்படி ஒரு சலுகை பிரபலமாக இல்லை.

குடகுக் குடும்பத்தில் துப்பாக்கி எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்.

* ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி.
* வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு வெடி. சத்தத்தை எண்ணியே பக்கத்துக் குன்றில் இருப்பவர்கள் செய்தியைத் தெரிந்துகொள்வார்கள்.
* புத்தரி என்னும் அறுவடைத் திருநாளில், முதல் கதிரை அறுக்கும் முன்பு வயலில் ஒரு வெடி.
* செப்டம்பர் 3-ம் தேதி கைல்போது. ஆயுதங்களைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பூஜையில் வைப்பார்கள். பிறகு தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடக்கும்.

கைல்போதின் காலமும் சுவாரசியமானது. நாற்று நடும் மாதங்களில் ஆயுதத்துக்கு ஓய்வு. நடவு முடிந்து, காட்டுப்பன்றி போன்ற விலங்குகளிடமிருந்து பயிரைக் காக்க வேண்டிய காலம் வரும்போதுதான் துப்பாக்கியை வெளியே எடுப்பார்கள். நம் ஆயுத பூஜையில் கலப்பையும் அரிவாளும் லாரியும் பூ வைத்துக்கொள்வது போலத்தான் இது.

அன்று துப்பாக்கிக்கு வைக்கும் பூவின் பெயர் தோக்குப் பூ. அதாவது துப்பாக்கிப் பூ! அது வேறு எதுவும் இல்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். சங்க காலத்தில் முருகனுக்கு உரிய பூ, குடகில் குழல்வாயில் சொருகும் பூவாக இருக்கிறது.

ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவும் ஜெனரல் திம்மையாவும் வந்த மண் இது. ஆகவே துப்பாக்கி அங்கே ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி. அய்ன்மனை என்று சொல்லும் பூர்வீக வீட்டில் முன்னோர் படத்தோடு துப்பாக்கியும் இருக்கும்.

எது மூன்று தலைமுறை தாங்கும்?

சரி, எப்படிப்பட்ட துப்பாக்கி தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது? விலை அதிகமானதா? பெயர் பெற்றதா? இரண்டும் பாதி உண்மைதான். பழைய துப்பாக்கிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் பார்ப்பது வேறு சில விஷயங்களை.

முதலாவது குழல். 19-ம் நூற்றாண்டின் கடைசி வரை நல்ல வேட்டைத் துப்பாக்கிகளுக்கு 'டமாஸ்கஸ்' குழல் போடுவார்கள். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல் அது. பட்டுச் சேலையில் இருப்பது போல் அழகான கோலங்கள் தெரியும். ஆனால் அது கரிமருந்துக் காலத்துக் குழல். 1880-களுக்குப் பிறகு புகையில்லா மருந்து வந்தது. அதன் அழுத்தத்துக்காகச் செய்யப்படாத பழைய டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையே போய்விடலாம். தாத்தா சுட்டார் என்பதால் பேரனும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. தாத்தா போட்ட மருந்து வேறு.

இரண்டாவது சோதனை முத்திரை. லண்டனில் 1637-ல் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813-ல் சோதனைக் கூடம் வந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். ஆகவே துப்பாக்கியின் உண்மையான ஜாதகம் அந்தச் சின்ன முத்திரைதான். கரிமருந்துக்கா, புகையில்லா மருந்துக்கா என்பதையும் அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது பெயர். குழலின் மேல் பொறித்திருக்கும் பெயர் எப்போதும் செய்தவரின் பெயர் அல்ல. சென்னையில் 1849-ல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் என்றால் எல்லோருக்கும் கடிகாரம்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர்கள் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செய்து வாங்கி, விற்பவர் தன் பெயரைப் பொறிப்பது சாதாரண வழக்கம். கல்கத்தாவில் மேன்டன் கம்பெனி 1825-லிருந்தே துப்பாக்கி வியாபாரத்தில் இருந்தது. லண்டனின் பர்டி (1814), பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் (1812) போன்றவை செய்த துப்பாக்கிகளை இந்திய மன்னர்கள் ஆர்டர் கொடுத்து வாங்கினார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சன், டீலி இருவரும் 1875-ல் கொண்டுவந்த எளிய இயங்குமுறை இன்றும் உலகம் முழுவதும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இருக்கிறது. உறுப்புகள் குறைவு, கெட்டுப்போவதும் குறைவு. நீண்ட நாள் உழைக்கும் பொருளுக்கு இதுதான் இலக்கணம்.

நான்காவது மரம். அக்ரூட் மரத்தில் செய்த கட்டைதான் சிறந்தது என்பார்கள். கைப்பிடிக்கும் இடத்தில் மரத்தின் ரேகை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் அங்கேதான் உடையும். அதோடு, நல்ல துப்பாக்கி என்பது சட்டை மாதிரி. ஒருவரின் கை நீளத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்வது. தாத்தாவுக்குச் சரியாக இருந்தது பேத்திக்குப் பொருந்தாமல் போகலாம். கட்டையை மாற்றினால் பழமை போகிறது, மாற்றாவிட்டால் பயன் இல்லை.

ஐந்தாவது அளவு. பொதுவாக வீடுகளில் நிலைத்தது 12 போர் துப்பாக்கிதான். ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் 12 உருண்டைகள் செய்ய முடிந்தால் அது 12 போர். குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இதற்கான தோட்டா எப்போதும் கிடைக்கும் என்பதுதான் இதன் பலம். எவ்வளவு உயர்ந்த ரைபிளாக இருந்தாலும் தோட்டா கிடைக்காவிட்டால் அது ஊன்றுகோல்தான். 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை வந்தபின், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் விலை ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு இஷாப்பூர் போன்ற அரசுத் தொழிற்சாலைகளின் துப்பாக்கிகள்தான்.

கடற்காற்றும் துருவும்

நல்ல துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. மீதி பாதி அதைக் காப்பது. இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில், உப்புக்காற்று வீசும் ஊர்களில், இரும்புக்கு எதிரி நேரம்தான். தோல் உறை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறைக்குள்ளேயே வைத்திருந்த துப்பாக்கி வெளியில் இருந்ததைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பதும் நல்லதல்ல. நாளாக நாளாக அது பிசினாகி உள்ளே இருக்கும் வில்களை ஒட்டவைத்துவிடும். துப்பாக்கிக்கு உரிய எண்ணெயைக் கொஞ்சமாகப் போட்டு, காற்று படும் இடத்தில் பூட்டி வைப்பதே வழி. சுட்டபின் குழலைச் சுத்தம் செய்யாமல் வைத்தால் உள்ளே குழி விழும். குழி விழுந்த குழலைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் இதில் சேரும். வீட்டுத் துப்பாக்கி திருடனைவிட அதிகமாக ஆபத்தாக முடிவது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். விளையாட்டாக எடுத்த குழந்தை, மனம் உடைந்த ஒருவர், கோபத்தில் இருக்கும் ஒருவர்... ஒரு நிமிடம் தாமதமானால் பிழைத்துவிடும் உயிர்கள் இவை. அந்த ஒரு நிமிடத்தைத் தருவது பூட்டுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலம் போல, நகை போல, துப்பாக்கி தானாக வாரிசுக்குப் போய்விடாது. பலருக்குத் தெரியாத விஷயம் இது.

1. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் இயற்றப்பட்டு 1962-ல் அமலுக்கு வந்தது. லைசென்ஸ் மனிதருக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்பாவின் நினைவாக அலமாரியில் இருக்கட்டும் என்று விட்டால் அது குற்றம்.

2. 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. உரிமையாளர் இறந்த பிறகு சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டுமானால், அவருக்கு 70 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்திருக்க வேண்டும். மகனுக்கு மட்டும் என்று இல்லை, மகளுக்கும் கொடுக்கலாம். வாங்குபவருக்கும் லைசென்ஸுக்கு உரிய தகுதிகள் எல்லாம் இருக்க வேண்டும்.

3. 2019 திருத்தம் ஒரு பெரிய மாற்றம். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். முதலில் ஒன்றாகக் குறைக்க மசோதா வந்தது, எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு என்று ஆனது. பரம்பரையாக வந்ததும் இந்த இரண்டில்தான் அடங்கும். மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமானது. கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்தில் கவனமில்லாமல் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

4. பழங்காலப் பாணியில் செய்யப்பட்டு, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத ஆயுதங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வரும் என்பதால் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. வேட்டை நின்றுபோனது. வேட்டைக்கென்று வாங்கிய துப்பாக்கிகளுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து பெரும்பாலான பரம்பரைத் துப்பாக்கிகள் பயனுக்காக அல்லாமல் நினைவுக்காகவே இருக்கின்றன.

எல்லோருக்கும் ஒரே நியாயமா?

குடகுச் சலுகை நியாயமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. சாதியை வைத்தும் பரம்பரை நிலத்தை வைத்தும் ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்கு லைசென்ஸ் என்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்குப் போடப்பட்டது. 2019 அக்டோபரில் மத்திய அரசு விலக்கை 2029 வரை நீட்டித்தது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே தொடரும் வழக்கம், காலவரையறையும் நிபந்தனைகளும் உள்ள விலக்கு என்பவை அதற்குக் காரணங்கள்.

குடகர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. துப்பாக்கி அவர்களுக்குத் தொழிலோ பந்தாவோ இல்லை, பிறப்பிலும் இறப்பிலும் கூட வரும் சடங்குப் பொருள். அதை எடுத்துவிட்டால் சடங்கே பாதியாகிவிடும். மறுபக்கமும் யோசிக்க வேண்டும். 1861-ல் விலக்குக் கிடைத்தது, ஆள்பவர்களுக்கு வேண்டியவர்களாக இருந்ததால். சிவகங்கையிலும் தலக்குளத்திலும் ஆயுதம் பறிக்கப்பட்டது, ஆள்பவர்களை எதிர்த்ததால். எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பரம்பரைத் துப்பாக்கி இல்லை. 'இது எங்கள் பாரம்பரியம்' என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. எது பாரம்பரியமாக மிஞ்சும் என்பதை 160 வருடத்துக்கு முன்பு ஒரு கமிஷனரின் கையெழுத்து முடிவு செய்திருக்கிறது.

அதற்காக எல்லோருக்கும் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்பது பொருள் அல்ல. துப்பாக்கி இல்லாத வீடுகள் எந்த விதத்திலும் குறைந்துபோய்விடவில்லை. நாஞ்சில் நாட்டில் வயலையும் குளத்தையும் படிப்பையும் விட்டுப்போன தாத்தாக்கள்தான் அதிகம். நெய்யூர் என்ற பெயரை வெளியுலகம் அறிந்ததே 1838-ல் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணியால்தான்.

ஆனால் ஏற்கெனவே வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பவர்கள் என்ன செய்வது? வயதானவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. யாருக்கு வேண்டும்? யாரால் லைசென்ஸ் வாங்கவும் புதுப்பிக்கவும் தேர்தல் காலத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கவும் முடியும்? யாருடைய வீட்டில் அது பத்திரமாக இருக்கும்? மூத்தவன் என்பதற்காக மட்டும் கொடுக்கக் கூடாது. யாருக்கும் வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் விற்பதிலோ அரசிடம் ஒப்படைப்பதிலோ வெட்கம் இல்லை.

ஜிம் கார்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-ல் அவருக்கு ஒரு ரிக்பி ரைபிள் பரிசாகக் கிடைத்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ரைபிள் அவருடைய புத்தகங்களை வெளியிட்ட பதிப்பகத்திடம் போய்ச் சேர்ந்தது. 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே வாங்கிக்கொண்டது. ரத்த வாரிசு இல்லாமலே அது இன்றும் பத்திரமாக இருக்கிறது, யாருடையது, எதற்காகக் கிடைத்தது என்ற விவரத்தோடு.

இந்த விவரம்தான் பல வீடுகளில் தொலைந்துபோகிறது. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பவர்கள்கூட, அதை யார் வாங்கினார், எந்த வருடம், எதற்காக, கடைசியாக எப்போது சுட்டது என்று ஒரு தாளில் எழுதி வைப்பதில்லை. ஐந்து நிமிட வேலை. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, லைசென்ஸ் புத்தகத்தோடு வைத்துவிட வேண்டும். துப்பாக்கி வேண்டாம் என்று நாளைக்கு ஒப்படைத்தாலும், அந்தத் தாள் வீட்டிலேயே இருக்கும். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.